லத்தீன் வீட்டு வில்லியம்

எங்கள் மீன்பிடி ஊரான போர்ட்டாரிக்கில் நூற்றுப்பத்து வீடுகள். அவற்றில் அறுபதுக்கு மேல் ஸ்லேட்டர் குடும்பங்கள். ஆண்களில் பாதிப்பேர் ஜார்ஜ், மீதிப்பேர் ஜான் அல்லது வில்லியம். புதிதாக வரும் தபால்காரர் முதல் வாரத்திலேயே ஒரு ஜார்ஜ் ஸ்லேட்டரின் மூலநோய் மருந்தை இன்னொரு ஜார்ஜ் ஸ்லேட்டரிடம் கொடுத்துவிட்டுத் திட்டு வாங்குவார். அதன்பிறகுதான் பட்டப்பெயர்களைக் கற்றுக்கொள்வார். பட்டப்பெயர் இல்லாமல் இந்தக் கடற்கரையில் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. பழைய வாக்காளர் பட்டியலிலேயே அச்சடித்திருப்பார்கள்.

நெட்டா ஸ்லேட்டர் டோஸி குடும்பம். டோஸி என்றால் என்ன என்று அவளுக்கே தெரியாது, கேட்டால் கோபம் வரும். எதிர்வரிசையில் இருக்கும் மினா லத்தீன் குடும்பம். அவர்களின் முன்னோர் ஒருவர் குடித்துவிட்டால் பள்ளிக்கூட வாசலில் செதுக்கியிருந்த இரண்டு லத்தீன் வார்த்தைகளை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு போவாராம். அந்த இரண்டு வார்த்தைக்கு ஆறு தலைமுறையாக அனுபவிக்கிறார்கள்.

நெட்டாவுக்கு அறுபத்தேழு வயது. இருபத்தாறு வருடம் மீன் அறுக்கும் கொட்டகையில் நின்றாள், பிறகு பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்தாள். கணவர் சாண்டி இறந்து ஒன்பது வருடம். பிள்ளை இல்லை, கூடப்பிறந்தவர் இல்லை. அம்மா வழி ஆட்கள் கிளாஸ்கோ பக்கம், கிறிஸ்துமஸ் கார்டோடு சரி. டோஸி என்ற பெயரைச் சுமக்க ஊரில் அவள் ஒருத்திதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவள் பாடுவது தனியாகக் கேட்கும். சத்தத்தால் அல்ல, சுருதியால்.

சர்ச் கூடத்துக்குப் பக்கத்து அறையில் ஊர்ப் பதிவேடுகளின் நகல்கள் ஒரு கணினியில் இருக்கின்றன. செவ்வாயும் புதனும் மதியம் நெட்டா அங்கே உட்காருவாள், நான் டீ போடுவேன். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று கப்பலேறிப் போனவர்களின் பேரன் பேத்திகள் தங்கள் வேரைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புவார்கள். கோழி கிளறியது போன்ற பழைய கையெழுத்தை நெட்டா வாசிக்கும் வேகத்துக்கு நான் பால் பாக்கெட்டைக்கூடப் பிரித்ததில்லை. ஆனால் அவள் கறார். மூன்று காகிதம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் "இவர் உங்கள் ஆள்" என்று சொல்லவே மாட்டாள். ஒண்டாரியோவிலிருந்து ஒரு பெண்மணி நேரிலேயே வந்து, ஒரு கல்லறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டபோது, "கொஞ்சம் தள்ளுங்கம்மா, அது உங்க தாத்தா இல்ல. உங்காளு மூணாவது வரிசை," என்றாள். அந்தப் பெண்மணி மூன்றாவது வரிசையில் மறுபடி அழவேண்டியதாயிற்று.

இப்படிப்பட்டவள்தான் போன மார்ச்சில் வழுக்கினாள்.

நியூசிலாந்தின் ஒடாகோவிலிருந்து லின்டன் ஸ்லேட்டர் என்பவர் எழுதியிருந்தார். வயது எழுபத்தொன்று, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், மனைவி இல்லை. அவருடைய பூட்டன் வில்லியம் 1863-ல் பத்தொன்பது வயதில் எங்கள் ஊரிலிருந்து போனவராம். மூத்த மகனுக்கு ஜார்ஜ் என்றும் இரண்டாவது மகளுக்கு ஐசபெல் என்றும் பெயர் வைத்தாராம்.

எங்களுக்கு அது போதும். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகளுக்கு அப்பாவின் அம்மா பெயர். உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் எங்கள் ஆட்கள் அந்த வரிசையை மாற்ற மாட்டார்கள். ஆக, வில்லியமின் பெற்றோர் ஜார்ஜும் ஐசபெல்லும்.

நெட்டாவின் கொள்ளுத்தாத்தா ஜான் டோஸியின் பெற்றோரும் ஜார்ஜும் ஐசபெல்லும்தான். ஜானுக்கு வில்லியம் என்று ஒரு தம்பி. 1844-ல் ஞானஸ்நானம் எடுத்ததோடு சரி, பிறகு எந்த ஏட்டிலும் ஆளைக் காணோம். அந்த ஞானஸ்நான ஏடு, கப்பல் பட்டியல், லின்டன் எழுதிய பிள்ளைகளின் வரிசை. மூன்று காகிதமும் ஒத்துப்போயின.

"பொண்ணே, எனக்கு ஒரு தம்பி கிடைச்சிருக்கான்," என்றாள் என்னிடம்.

"உங்களைவிட நாலு வயசு மூத்தவர், நெட்டா."

"இருந்தா என்ன? ரொம்ப லேட்டா வந்தான்ல, அப்ப தம்பிதான்."

அன்றிலிருந்து ஊரில் யாரும் தப்பவில்லை. ரொட்டிக் கடையில் சொன்னாள், மருந்துக் கடையில் சொன்னாள், படகுத்துறையில் வலை அடுக்குகிறவர்களிடம் சொன்னாள். லின்டன் மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்து செவ்வாய் வரை அவள் வீட்டிலேயே தங்குவதாக முடிவாயிற்று. வீட்டு ஜன்னல் ஓரங்களுக்கு நீல வர்ணம் பூசினாள். புகைபோட்ட மீன் சூப் வைப்பதாக மூன்று மின்னஞ்சலில் எழுதினாள். உலர்ந்த பழமும் மாவும் துணியில் கட்டி அவிக்கிற பெரிய டம்ப்ளிங்குக்கு வியாழக்கிழமையே பழம் ஊறப்போட வேண்டும் என்று என்னை இரண்டு முறை ஞாபகப்படுத்தச் சொன்னாள்.

லின்டன் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை, அவருக்குக் கொடுக்க நல்லதாக ஒரு காகிதம் தேடினாள். அந்தக் காலத்தில் கப்பலேறுகிறவன் சர்ச் மூப்பர்களிடம் நன்னடத்தைச் சான்று வாங்கிக்கொண்டுதான் போவான். அது மூப்பர் குறிப்பேட்டில் இருக்கும். எங்கள் சர்ச் குறிப்பேட்டில் வில்லியமைக் காணோம். 1843-ல் சர்ச் சபை சண்டைபோட்டு இரண்டாக உடைந்தபோது பாதி ஊர் அடுத்த தெருவில் புதுச் சர்ச் கட்டிக்கொண்டு போயிற்று. டோஸி குடும்பம் பழைய சர்ச்சோடு நின்றது. புதுச் சர்ச்சின் குறிப்பேட்டை நெட்டா மற்றவர்களுக்காகத் திறந்திருக்கிறாள், தன் குடும்பத்துக்காகத் திறந்ததே இல்லை. அந்த வாசலை டோஸிகள் மிதித்தால்தானே.

அன்று வேறு வழியில்லாமல் திறந்தாள். நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் கணினித் தட்டல் நின்றது.

"என்ன நெட்டா?"

"ஒண்ணுமில்ல. டீ போடு."

"இப்பதானே குடிச்சீங்க?"

"அப்ப இன்னொண்ணு போடு."

போய்ப் பார்த்தேன். திரையில் இருந்ததை எனக்குப் படித்துக் காட்டினாள். ஜார்ஜ் ஸ்லேட்டர் லத்தீனின் மகன் வில்லியம், ஒடாகோ புறப்படுவதால் சான்று கேட்டான். ஓய்வுநாளான ஞாயிறன்று வலை காயப்போட்ட குற்றத்துக்காகக் கண்டிக்கப்பட்டு, வருத்தம் தெரிவித்த பிறகு சான்று வழங்கப்பட்டது. ஞானஸ்நான ஏட்டை எழுதிய பாதிரியார் தெற்கேயிருந்து வந்தவர், பட்டப்பெயரெல்லாம் எழுத மாட்டார். இதை எழுதியவர் உள்ளூர் வாத்தியார்.

"லத்தீன்," என்றாள் நெட்டா. "எந்தக் கிழமையில எதைக் காயப்போடறதுன்னு அந்தக் குடும்பத்துக்கு அன்னிக்கே தெரியல."

அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. துணி காயப்போடும் புல்வெளி எங்கள் தெருவுக்குப் பொது, ஆளுக்கு ஒரு கிழமை. பதினோரு வருடம் முன்பு நெட்டாவின் செவ்வாய்க்கிழமையில் மினா நான்கு போர்வையைத் தொங்கவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது.

"ஒருவேளை உங்க வில்லியமும் போயிருக்கலாமே?" என்றேன்.

அவள் எங்கள் சர்ச்சின் இன்னொரு ஏட்டைத் திறந்தாள். சவப்பெட்டிமேல் போர்த்தும் கறுப்புத் துணியை யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற ஏடு. அரைமணி நேரத்தில் கிடைத்தது. 1846, பிப்ரவரி. ஜார்ஜ் டோஸியின் குழந்தை வில்லியமுக்கு, சின்னத் துணி.

"ரெண்டு வயசுகூட ஆகல," என்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "பாவம், நானே அவனை நியூசிலாந்துக்கு அனுப்பி, கல்யாணம் பண்ணிவச்சு, எட்டுப் பிள்ளையும் கொடுத்தேன்."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். "நாலு நாள்தான். வருவான், சூப்பு குடிப்பான், கடல்கிட்ட நின்னு போட்டோ எடுப்பான், போயிடுவான். யாருக்குத் தெரியப்போவுது?"

"யாருக்கும் தெரியாதுதான்."

"நீ அப்படிச் சொல்லக்கூடாது. 'அது தப்பு'ன்னு சொல்லணும்."

"ஒண்டாரியோ அம்மாவைக் கல்லறைய விட்டு இழுத்தவங்களுக்கு நான் போய் என்னத்தச் சொல்ல?"

"வாயாடி," என்றாள். டீயைக் குடிக்காமலே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு என் கதவைத் தட்டினாள். கையில் இரண்டு ஏட்டின் நகலும் இருந்தது. "வா, மினா வீட்டுக்குப் போறேன். எனக்கு ஒரு சாட்சி வேணும்."

கதவைத் திறந்த மினாவின் முழங்கை வரைக்கும் மாவு. நெட்டாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பதினோரு வருடத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை, "யாரு செத்தா?"

"யாரும் சாகல. 1846-க்கப்புறம்."

"அப்ப உள்ள வா, குளிருது."

நெட்டா உட்காரவில்லை. காகிதத்தை மேசைமேல் வைத்து, ஒப்பிப்பது போலச் சொன்னாள்: "நாளைக்கு வர்றவன் எனக்கு உறவில்ல. உன் வீட்டு ஆளு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். இந்தா, எடுத்துக்க."

மினா காகிதத்தைத் தொடக்கூட இல்லை. "எனக்கு எதுக்குடி? நாலு பிள்ளை, பதினோரு பேரப்பிள்ளை. மூணு பேரு இப்ப மாடியில தூங்குது. இன்னொரு ஆளுக்கு நான் பாத்டப்லதான் படுக்கை போடணும். நீயே வச்சிக்க."

"வச்சிக்க முடியாது மினா, ஏட்டுல இருக்கு!"

"ஏட்டுல என்ன இருந்தா என்ன? ஊரெல்லாம் உன் தம்பின்னு சொல்லி முடிச்சிட்ட. நான் போய் இல்லன்னு சொன்னா, மினா பொறாமையில பேசறான்னுவாங்க."

"உன் முழுப்பேரே வில்லியமினா. அதுவாவது எனக்கு உறைச்சிருக்கணும். உங்க வீட்டுல அந்தப் பேரை எதுக்கு விடாம வச்சிருந்தாங்கன்னு நான் யோசிச்சே பாக்கல."

"கப்பலேறிப் போனவன் பேரு. அடுத்து ஆம்பளப்பிள்ள பொறக்கலன்னு பாட்டி எங்கம்மா தலையில கட்டினா, அம்மா என் தலையில கட்டினா." மினா கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கினாள். மேலே பொத்தான்களும் நூல்கண்டும். அவற்றின் அடியில் நாடா கட்டிய ஏழு கடிதங்கள். "அவன் எழுதினதுதான்."

நெட்டா அப்போதுதான் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பதைவிட, நாற்காலி அவளைப் பிடித்துக்கொண்டது. "இது இத்தன வருஷமா இங்கயா இருந்துச்சு?"

"வேற எங்க இருக்கும்?"

"நான் வெலிங்டன் ஆவணக்கூடத்துக்கு எழுதினேன். எடின்பரோவுக்கு ரெண்டு தடவ போனேன். ஏன் சொல்லல?"

"நீதான் என்கூடப் பேசறதில்லயே!" என்றாள் மினா. அவளுடைய அடக்கிய சிரிப்பில் மாவு பறந்தது. நெட்டா முறைத்தாள், பிறகு அவளுக்கும் தாங்கவில்லை. மாடியில் ஒரு பேரப்பிள்ளை விழித்துக்கொண்டு அழுதது.

கடிதங்களை நெட்டாதான் வாசித்தாள். எங்கள் இருவருக்கும் அந்தக் கையெழுத்து புரியாது. இரண்டாவது கடிதத்தின் பாதியில் நிறுத்தினாள். பிறகு மெதுவாகப் படித்தாள்: "ஜான் டோஸி இன்னும் படகில் ஏறினால் பாடுகிறானா? அவன் பாட்டுக்குப் பயந்து மீன் நார்வே வரைக்கும் ஓடியதை இங்கே எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அவனைப்போல் ஒரு சிநேகிதன் இங்கே எனக்கு அமையவில்லை."

தன் கொள்ளுத்தாத்தா ஜான் டோஸியைப் பற்றி அவளிடம் இருந்ததெல்லாம் மூன்று தேதிகள்தான்: பிறப்பு, திருமணம், இறப்பு.

"பாத்தியா," என்றாள் மினா. "ஏட்டுல எதுவும் தேட வேணாம். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல உன் பக்கத்துல நின்னாப் போதும், நீ அவன் வம்சம்தான்."

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு வாடகைக் கார் மெதுவாகத் தெருவுக்குள் வந்தது. சிவந்த முகமும் பெரிய காதுமாக ஒருவர் இறங்கினார். லத்தீன் குடும்பத்துக் காது. அதைப் பார்த்திருந்தால் காகிதமே வேண்டியிருந்திருக்காது. அவர் பின்கதவைத் திறந்து பெட்டியில் கைவைப்பதற்குள் நெட்டா போய் நின்றாள்.

"பெட்டிய இறக்காத, பையா. முதல்ல ஒண்ணு சொல்லணும். நீ என் ஆளில்ல. நான் ஏட்டைத் தப்பாப் படிச்சிட்டேன். உன் ஆளு அந்த எதிர்வீடு. அங்க படுக்க இடமில்ல, ஆனா உறவு அங்கதான்."

லின்டன் அவளைப் பார்த்தார், எதிர்வீட்டு வாசலில் நின்ற மினாவையும் அவள் பின்னால் வரிசையாக நின்ற அத்தனை காதுகளையும் பார்த்தார். முப்பது மணிநேரம் பயணம் செய்து வந்தவர்.

"அப்போ அந்த மீன் சூப்பு?" என்றார்.

"சூப்பு வச்சாச்சு."

"அப்ப பெட்டிய இறக்கறேன்."

நெட்டா வீட்டில் படுக்கை, இரண்டு வீட்டிலும் சாப்பாடு என்று ஏற்பாடாயிற்று. நெட்டாவின் டம்ப்ளிங்கைத் தின்று முடித்தால், அதைவிடப் பெரிய துண்டோடு மினா காத்திருப்பாள். ஒரு வீட்டில் மிச்சம் வைத்தால் அடுத்த வீட்டுக்கு அது தெரிந்துவிடும். பாவம் மனிதர், ஞாயிற்றுக்கிழமைக்குள் இடுப்பு வாரை இரண்டு துளை தளர்த்தினார். சர்ச்சில் நெட்டா பாட ஆரம்பித்ததும் லின்டன் மினா பக்கம் குனிந்து, "இதைக் கேட்டுத்தான் வில்லியம் கப்பலேறினாரா?" என்று கேட்டார். மினா கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டாள். நெட்டாவுக்குக் கேட்டது. அடுத்த பாட்டை இன்னும் உரக்கப் பாடினாள்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே அவர் கிளம்பிப் போனார். பதிவேட்டு அறைக்கு அன்று நெட்டா வரவில்லை. போய்ப் பார்த்தேன். புல்வெளியில் நல்ல காற்று. நெட்டா ஒரு பெரிய படுக்கை விரிப்பின் ஒரு முனையைப் பிடித்திருந்தாள், மறுமுனை மினாவின் கையில்.

"விடு மினா. என் விரிப்பு, என் கிழமை."

"படுத்தது என் ஆளு. நான்தான் காயப்போடுவேன்."

"உன் ஆளுன்னா அன்னிக்கு எதுக்கு 'நீயே வச்சிக்க'ன்ன?"

"அப்ப அவனைப் பாக்கலயே!"

நான் திரும்பி அறைக்கு வந்துவிட்டேன். லின்டனுடைய கோப்பு மேசைமேல் இருந்தது. அட்டையில் 'டோஸி' என்று எழுதியிருந்ததை நெட்டா நேராக ஒரு கோடு போட்டு அடித்து, 'லத்தீன்' என்று எழுதியிருந்தாள். உள்ளே இரண்டு ஏட்டின் நகலோடு, மூன்றாவது காகிதமாக அந்தக் கடிதத்தின் நகல். அதன் ஓரத்தில் பென்சிலால்: "உறவு இல்லை. சிநேகிதம், நிரூபிக்கப்பட்டது."