புளியமரத்து ஊஞ்சல் எந்த வகை?

எல்லோரும் கூடி இணையத்தில் வரையும் வரைபடத்தில் ஊரைக் குறிப்பது சம்பளமில்லாத வேலை. திட்டுவதற்கு மட்டும் மேலதிகாரிகள் ஏராளம். என்னைப் போலவே இதில் மாட்டிக்கொண்டு வரைபடம் வரையும் உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? பிழைப்புக்குச் சிவகாசி அச்சகமொன்றில் காலண்டர் டிசைன் போடுகிறேன். மிச்ச நேரத்தில், பிறந்த ஊரான தாயில்பட்டிப் பக்கத்தை வரைபடத்தில் ஏற்றுகிறேன். கோயில், ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சுலபமாக ஏறிவிட்டன. ஊஞ்சல்தான் படுத்தியது. திருப்பூருக்கு வாக்கப்பட்டுப் போன என் கூட்டாளி ஜெயா அதைப் போனில் பார்க்க வேண்டும் என்றுதான் இந்த வேலையிலேயே இறங்கினேன்.

சின்னப்பிள்ளைச் சாமான்

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் லீவு விட்டதும், எங்கள் ஊர்ப் பெண்கள் புளியமரத்தில் வடக்கயிறு கட்டிப் பலகை போடுவார்கள். வரைபடத்தில் ஊஞ்சலுக்கு இருந்ததோ ‘சிறுவர் விளையாட்டுச் சாதனம்’ என்ற ஒரே வகை. சரி, இருப்பதைப் போடுவோம் என்று போட்டுவிட்டேன்.

போட்டோ எடுக்கப் போனால் மரத்தடியில் ஒரு பிள்ளையைக் காணோம். சீசன் முழுக்கச் சம்மணம் போட்டுப் பட்டாசுக்குத் திரி வைத்த பெண்கள் வரிசையில் நின்றார்கள். கயிறும் பலகையும் பொன்னுத்தாய் அக்காவின் பொறுப்பு. அவரிடம் வகையைச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது.

“சின்னப்புள்ளைக வருசம் பூராம் ஆடும்ல. நமக்கு லீவு விட்டாத்தான உண்டு? அழிச்சிட்டு வேற எழுது தாயி.”

இருக்கிறதா, இல்லையா

‘பெரியவர்களுக்கான ஊர்ப்பொது ஊஞ்சல்’ என்று புதிதாக ஒரு வகை எழுதினேன். சில மாதம் கழித்துச் சென்னை அன்பர் ஒருவர் அதை அழித்தே விட்டார். அந்தப் பக்கம் போயிருந்தாராம். வெறும் மரம்தான் நின்றதாம். நிரந்தரமில்லாததற்கு வரைபடத்தில் இடமில்லையாம். கம்பெனி திறந்ததும் கயிற்றை அவிழ்த்துவிடுவோம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கு அழுகையே வந்துவிட்டது. பொன்னுத்தாய் அக்காவிடம் புலம்பினேன். அவர் வீட்டுக்காரர் பட்டாசு லோடு ஏற்றும் லாரி டிரைவர். அக்கா சொன்னதை அப்படியே விவாதப் பக்கத்தில் போட்டேன். அன்பர் ஊஞ்சலைத் திரும்ப வைத்துவிட்டார்.

“எங்க வீட்டுக்காரரும்தான் சீசன் பூராம் ஊர்ல தங்க மாட்டாரு. அதுக்காக எனக்குப் புருசனே இல்லைனு எழுதிருவாகளா அந்தச் சாரு?”

எத்தனை பேர்

அடுத்து, எத்தனை பேர் ஆடலாம் என்று ஒரு கட்டம். இரண்டு என்று போட்டேன். இருவர் எதிரெதிரே நின்று, மாற்றி மாற்றி உந்த வேண்டும். ஒருத்தி இறங்கினால் மற்றவளும் இறங்க வேண்டியதுதான். சிறுவயதில் சேர்ந்த ஜோடியை யாரும் மாற்றுவதில்லை.

என் ஜோடி ஜெயா. அவளுடைய பனியன் கம்பெனியின் தீபாவளி லீவு, இங்கே கயிறு கட்டுவதற்குள் முடிந்துவிடும். அதனால் நான் வருஷா வருஷம் போட்டோ மட்டும் எடுக்கிறேன். அவளைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. அதை எந்தக் கட்டத்தில் எழுத?

வெறும் பலகைப் படத்துடன் இணைப்பை ஜெயாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. தையல் மிஷின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் பேசினாள்.

“பாத்துட்டேன்டி. ஆளில்லாமத் தொங்குது. வேற யார் கூடயாச்சும் ஏற வேண்டியதுதான, கிறுக்கி?”

ஊஞ்சலுக்கு ஒருவழியாக வகை கிடைத்துவிட்டது. பலகையின் மறுமுனையில் நிற்க வேண்டியவள் திருப்பூரில் இருப்பதற்குத்தான் எந்த வகையும் பொருந்தவில்லை.