முனியின் இலையில் இருந்த கருவாடு

முனிக்குப் படைத்த கருவாட்டைத் திருடி நாய்க்குப் போட்டேன். ஒரு நாள் அல்ல, ஒரு மழைக்காலம் முழுவதும், வெள்ளிக்கிழமைதோறும். சாமியின் பொருளைத் தொட்டேனே என்று எனக்கு வருத்தமில்லை. அந்தக் கருவாட்டைத் தன் வாயில் போடாமல் கொண்டுவந்து வைத்தவர் ஒரு பெண். அவரிடமிருந்துதான் நான் திருடினேன்.

அது மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலம். பகாவ் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில், வேலைக்கு வந்தவர்களின் பேர் போட்டுக் கணக்கு எழுதும் சின்னக் கிராணியாக இருந்தேன். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய்விட்டார், ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. ஆங்கிலப் பள்ளியில் கடைசி வகுப்பு வரை படித்த எனக்கு எழுத ஒரு வரிகூட இல்லை. லயத்து வரிசை வீடுகளில் இருந்த தோட்ட மக்கள் பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு மரவள்ளி நட்டார்கள். காலையும் கிழங்கு, மாலையும் கிழங்கு. அதையும் காட்டுப்பன்றிகள் வந்து தோண்டின. துப்பாக்கிகளையெல்லாம் ஜப்பான்காரன் வாங்கிக்கொண்டதால் ஈட்டிதான் மிச்சம். ஈட்டி பட்ட பன்றி, தோட்டத்தை ஒட்டி மண்டிக் கிடந்த பெலுக்கார் புதருக்குள் ஓடி, யாருக்கும் கிடைக்காமல் அங்கேயே செத்து அழுகும்.

ஒரு நாள் கங்காணி என்னைப் பார்த்துச் சொன்னார்: "துரை போறப்ப நாயை விட்டுட்டுப் போயிட்டாரு. அதுவும் சும்மா கெடக்கு, கிராணியாரே, நீங்களும் சும்மாதான் இருக்கீங்க. ரெண்டு பேரும் சேந்து எதாச்சும் செஞ்சா என்னலா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாளே, ஈட்டி பட்டு ஓடும் பன்றியை மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்க நாயைப் பழக்கத் தொடங்கிவிட்டேன்.

அது செம்பட்டை நிறப் பெட்டை நாய், ஒரு காது கிழிந்திருக்கும். பன்றிக் குளம்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தரையோடு இழுத்துப் போவேன். நேராக, பிறகு வளைத்து, பிறகு ஓடையைத் தாண்டி. பிறகு நாயை அவிழ்த்துவிடுவேன். காலை ஈரத்தில் அது மூக்கைத் தரையில் வைத்து, நடுவில் குழம்பி நின்று, தானே மோப்பத்தைத் திரும்பப் பிடித்து வாலை ஆட்டும். பசியும் பயமும் நிறைந்த அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. எந்த ஆபீஸ் வேலையும் அந்தச் சந்தோஷத்தை எனக்குத் தந்ததில்லை.

தடத்தின் முடிவில் என்ன கொடுப்பது என்பதில்தான் சிக்கல். அவித்த மரவள்ளியை முகர்ந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. நாங்களும் அதைத்தானே தின்கிறோம் என்று திட்டினேன். தேங்காய்ச் சில்லைக் கொடுத்தால் உட்கார்ந்து நெடுநேரம் மென்றது. மென்று முடிப்பதற்குள் எதற்காகக் கிடைத்தது என்பதே அதற்கு மறந்துவிட்டது. செம்பனை எண்ணெய் தடவிய கிழங்கு மண்ணையெல்லாம் வாசனையாக்கி மோப்பத்தைக் கெடுத்துவிட்டது. எலிக் கறி போட்டேன். இரண்டே நாளில் பன்றியை விட்டுவிட்டு எலி வளைகளைத் தோண்ட ஆரம்பித்தது. பன்றிக் கறியே கொடுக்கலாமென்றால், கண்டுபிடித்த பன்றியை நாங்கள் போய்ச் சேருவதற்குள் கிழித்துத் தின்றுவிடும் என்று கங்காணி தடுத்தார். சின்னதாக, ஒரே விழுங்கில் போவதாக, தூள் உதிராததாக, தூரத்திலிருந்தே நாக்கில் நீர் ஊறவைப்பதாக ஒன்று வேண்டும்.

அப்படி ஒன்று இருந்தது. சுட்ட நத்தை. அதற்காக நாய் எதுவும் செய்யும். நத்தைகளோ வாய்க்கால் ஓரமெல்லாம் கிடந்தன. ஆனால் வெள்ளைக் கால்சட்டை போட்ட கிராணி, லயத்துப் பெண்கள் பார்க்க, வாளியும் கையுமாக வாய்க்காலில் குனிந்து நத்தை பொறுக்குவதா? எனக்கு அது முடியவில்லை. என் குற்றத்துக்கு வேர் இதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாய் தடத்தை விட்டுவிட்டுத் தோட்டத்து எல்லையில் இருந்த முனிக் கல்லிடம் ஓடியது. கல்லின் முன் வாழை இலையில் சுட்ட கருவாட்டுத் துண்டு ஒன்று இருந்தது. நான் போய்ச் சேருவதற்குள் விழுங்கிவிட்டது. அதன் பிறகு அன்று அது தடம் பிடித்த வேகம் நான் அதுவரை காணாதது. அடுத்த வெள்ளி நானே முன்னால் போய் எடுத்தேன். நகத்தளவு துண்டுகளாக்கி, மழைத்தண்ணீரில் ஊறவைத்து உப்பைப் போக்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஒரு துண்டு கருவாடு பல நாள் வந்தது.

படைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். அவருடைய கணவரைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போயிருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. முனிக்கு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும் என்பது லயத்து வழக்கம். மறுநாள் எறும்பு மொய்த்துக் கிடந்தால் முனி ஏற்கவில்லை. இலை வெறுமையாக இருந்தால் ஏற்றுக்கொண்டார். திரும்பிப் பார்க்காத வழக்கம் எனக்கு வசதியாக இருந்தது.

"முனி வாங்கிக்கிட்டாரு. எம் புருசன் உசுரோடதான் இருக்காரு" என்று அவர் குழாயடியில் சொல்வதைக் கேட்டேன். முகம் மலர்ந்திருந்தது. அதன்பின் இலையில் இரண்டு துண்டுகள் இருந்தன. சாமி சாப்பிடப் போவதில்லை, எறும்பு தின்பதை நாய் தின்கிறது, நாய் காப்பதில் அவருடைய கிழங்கும் உண்டு என்று எனக்கு நானே வாதாடினேன். படித்தவனுக்கு வாதங்களுக்கா பஞ்சம்?

நாய் தன் வேலையைக் கற்றுக்கொண்டது. ஈட்டி பட்ட பெரிய பன்றியொன்றைப் பெலுக்காருக்குள் வெகுதூரம் தொடர்ந்து போய்க் கண்டுபிடித்தது. அன்று லயம் முழுவதும் கறி வாசம். நாய்க்கு மாலை போடலாமா என்றுகூடக் கேட்டார்கள். அந்தப் பெண்ணின் வீட்டில் மட்டும் அடுப்பு புகையவில்லை. கங்காணியிடம் கேட்டேன்.

"புருசன் வர்ற வரைக்கும் கறி தின்ன மாட்டேன்னு வேண்டிக்கிட்டா. கெடைக்கிற கருவாட்டையும் முனிக்கு வச்சிட்டு, உப்புத் தண்ணியில கிழங்கைத் தொட்டுத் தின்றா. காலைப் பாத்தீங்களா, கிராணியாரே? எப்படி வீங்கியிருக்கு."

பார்த்தேன். விரலால் அழுத்தினால் குழி விழுந்து நிற்கும் வீக்கம். சத்தில்லாத சாப்பாட்டால் அந்தக் காலத்தில் பலரைக் கொன்ற நோய்.

மறுநாள் வெள்ளைக் கால்சட்டைகளை எல்லாம் பகாவுக்குக் கொண்டுபோய்க் கருவாட்டுக்கும் பச்சைப்பயறுக்கும் மாற்றினேன். அவர் வீட்டு வாசலில் நின்று உள்ளதைச் சொன்னேன். அதுவரை அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தேன். அன்று அக்கா என்றேன்.

"எல்லா வெள்ளிக்கெழமையுமா?"

"ஆமா அக்கா. மொத தடவை மட்டும் நாய் தானா தின்னுச்சு."

"நாயைச் சொல்லாதீங்க. அதுக்கு என்ன தெரியும்." பிறகு, "அப்ப அவரு இருக்காரா, இல்லையா?"

"எனக்குத் தெரியாது அக்கா."

அவர் என் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கி, ஒரு கருவாட்டை எடுத்து அடுப்பில் வாட்டி, எனக்கு முதுகைக் காட்டி நின்றபடியே தின்றார். பிறகு, திரும்பாமலேயே, "போங்க" என்றார்.

முனிக்கு வைப்பதை அதோடு நிறுத்திவிட்டார். நான் வாரந்தோறும் பயறோ மீனோ கொண்டுபோய் வைப்பேன். எடுத்துக்கொள்வார், பேச மாட்டார். நாய்க்காக வாய்க்காலில் நத்தை பொறுக்கினேன். பெண்கள் தண்ணீர்க்குடத்தோடு நின்று பார்த்தார்கள். "கிராணியாரு நத்தைக்குப் பேரு போடுறாரு" என்றாள் ஒருத்தி. இரண்டு நாளில் அவர்களுக்குச் சலித்துவிட்டது. எனக்கும் வெட்கம் போய்விட்டது. நத்தைக்கு நாய் கருவாட்டைவிட நன்றாகவே வேலை செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சண்டை முடிந்து சில மாதங்கள் கழித்து அக்காவின் கணவர் வந்தார். கெமாஸ் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து லாரியில். எலும்பும் தோலுமாக இருந்தார், ஆனால் தன் காலால் நடந்து வந்தார். மறுநாள் அக்கா அவரை என் அறைக்கு அழைத்து வந்தார்.

"உங்களுக்காக வச்ச கருவாட்டைத் தின்ன முனி இவருதாங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாய் தின்னுச்சுன்னு சொன்னே?"

"ஆமா, நாயும்தான்."

அவர் சிரித்தார். அக்காவும் சிரித்தார். அக்கா என்னிடம் பேசாமல் இருந்தது அன்றோடு முடிந்தது.

தோட்டத்துக்கு மறுபடி ஒரு வெள்ளைக்காரத் துரை வந்ததும் அக்காவைச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வீக்கம் முன்பே வடிந்திருந்தது. பாதங்களில் உணர்வு மட்டும் திரும்பவில்லை, இனித் திரும்பாது என்றார்கள். பாலுக்கு ரப்பர் மரம் வெட்டும் வேலைக்கு அவரால் முடியாது என்பதால், புதுத் துரையிடம் பேசி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் வேலை வாங்கிக் கொடுத்தேன். குழந்தைகளுக்கு நடுவில் நன்றாகத்தான் இருந்தார். என்னைக் கேலி செய்ய எந்தச் சந்தர்ப்பத்தையும் விட்டதில்லை. கொட்டகைக்கு முன்னால் படிகள் உண்டு. மாலையில் கணவர் வந்து ஒரு படி கீழே நிற்பார். அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, பாதம் எங்கே படுகிறது என்று கண்ணால் பார்த்துப் பார்த்து இறங்குவார். நான் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.