மாமா உப்புப் பார்த்த அசனம்

என் பெரிய மாமா தன் சாவுமணியைத் தன் காதாலேயே கேட்டவர். கேட்டுவிட்டு, மணி அடித்தவரை நன்றாக வைதார். கருங்கல் டவுனுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் அப்போது நாலாம் வகுப்பு. மாமா போன வண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தவள் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்கும் உரிமை உண்டு.

மாமா என்றால் அம்மாவின் மூத்த அண்ணன். வயிற்றில் வந்த புற்று முதுகெலும்புவரை போய்விட்டது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். முதல் மாதம் வீடு கண்காட்சி மாதிரி இருந்தது. ஆட்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் ஆரஞ்சோடும் வருவார்கள், கட்டிலைச் சுற்றி நின்று பெருமூச்சு விடுவார்கள், நீளமாக ஜெபம் பண்ணுவார்கள், போய்விடுவார்கள். மாமாவைப் புரட்டிப் படுக்கவைப்பதும் துடைத்துவிடுவதும் மாமி ஒருத்திதான். ஒருநாள் அவள் நின்றபடியே தூங்கி, கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே போட்டதை நான் பார்த்தேன்.

அப்புறம்தான் பாலியேட்டிவ்காரர்கள் வந்தார்கள். ஊரில் அவர்களை அப்படித்தான் சொல்வோம். சாகக்கிடப்பவர்களை அவரவர் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள உள்ளூர் ஆட்களே சேர்ந்து நடத்திய குழு அது. அதில் வைத்தியம் படித்தவர் ஒரு நர்ஸ் மட்டும்தான். அவரைச் சிஸ்டர் என்போம். மற்றவர்கள் தினமும் பார்க்கிற முகங்கள்: தையல்கடை அக்கா, ரப்பர் மரம் வெட்டுகிற இரண்டு அண்ணன்மார், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், சிவன்கோயில் திருவிழாவை முன்னின்று நடத்தும் பக்கத்து வயல்காரர். சிஸ்டர் வலிக்கு மருந்து கொடுத்தார், புண்ணுக்குக் கட்டுப்போட்டார். மற்றவர்கள் முறைவைத்து வந்தார்கள். காலையில் கண்டக்டர் வந்து மாமாவைக் குளிப்பாட்டுவார். சனிக்கிழமை வயல்காரர் சவரம் செய்துவிடுவார். மத்தியானம் தையலக்கா கட்டிலருகே உட்கார்ந்து பட்டன் தைப்பாள், மாமி அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவாள். முதல்நாள் மாமி தூங்கிய தூக்கத்தைப் பார்த்துப் பயந்து, நான் அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன்.

இரண்டாவது வாரம் சிஸ்டர் மாமாவிடம், "அண்ணனுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அதுவரை வந்தவர்கள் எல்லோரும் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டிருந்தார்கள். மாமா யோசிக்கவே இல்லை.

"அசனத்துக்குப் போவணும். உப்பு நாந்தான் பாக்கணும்."

அசனம் எங்கள் சபையின் வருடாந்திர விருந்து. ஆலய வளாகத்தில் அடுப்புக் கூட்டி, பெரிய பெரிய வார்ப்புகளில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் வைத்து, ஊரோடு உட்கார்ந்து உண்போம். குழம்பில் உப்புப் பார்த்து, விளம்பலாம் என்று சொல்வது மாமாவின் வேலை. அவர் வாயைத் திறக்காமல் ஓர் இலையிலும் குழம்பு விழாது. போதகர்கள் மாறினார்கள், கமிட்டிகள் சண்டைபோட்டுக் கலைந்தன, உப்பு மட்டும் மாமாவின் பொறுப்பிலேயே இருந்தது. செத்தால் அதற்குப் பிறகு சாகலாம் என்ற பிடிவாதத்தில் இருந்தார்.

ஆனால் எப்படிப் போவது? வீட்டிலிருந்து ஆலயத்துக்குச் சானல்கரை வழிதான், வாய்க்காலை ஒட்டிய அந்த ஒற்றைப்பாதையில் கார் நுழையாது. நாற்காலியில் வைத்துத் தூக்கினால் மாமாவின் முதுகு தாங்காது. எல்லோரும் யோசித்துக் களைத்தபிறகு மாமாவே வழி சொன்னார்.

"நம்ம பெட்டிவண்டி இருக்கில்லா? டயருக்குக் காத்தடிச்சா ஆடாமப் போவும்."

பெட்டிவண்டி என்பது செத்தவர்களைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகும் சபையின் தள்ளுவண்டி. மாமி கையிலிருந்த துணியை வீசி எறிந்தாள்.

"உயிரோட இருக்க மனுசன அதுல ஏத்தவா? நான் சம்மதிக்கமாட்டேன்."

"எப்படியும் ஒருநாள் ஏறணும். அண்ணைக்கு எனக்கு ஒண்ணும் பாக்க முடியாது. இப்ப ஏறினா வேடிக்கையாவது பாக்கலாம்" என்றார் மாமா.

மாமி இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் தன் பூப்போட்ட படுக்கைவிரிப்பு ஒன்றைத் தையலக்காவிடம் கொடுத்து, வண்டிக்கு மேலே வெயில் படாமல் பந்தல் தைக்கச் சொன்னாள். அவள் சம்மதம் சொன்ன விதம் அதுதான்.

எனக்கும் ஒரு வேலை வந்தது. அசனத்துக்கு முந்தின நாள் மாமா என்னைக் கட்டிலருகே கூப்பிட்டார்.

"மக்களே, நாம ஒரு சூத்திரம் செய்யப்போறோம். மாமிட்டகூடச் சொல்லப்பிடாது."

சூத்திரம் என்றால் எங்கள் ஊரில் தந்திரம். குழம்பை முதலில் நான் ருசிபார்க்க வேண்டும். உப்பு சரியென்றால் மாமாவின் விரலை ஒரு தடவை அமுக்க வேண்டும். குறைந்தால் இரண்டு, கூடினால் மூன்று. எதற்கென்று நான் கேட்கவில்லை. மாமா எப்போதுமே யாரையாவது ஏய்க்கிற ஆள், இந்தமுறை சமையல்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அன்று முழுக்க வீட்டிலிருந்த சாம்பாரையும் ரசத்தையும் நக்கிப் பழகி, அம்மாவிடம் அடி வாங்கினேன்.

மறுநாள் காற்றுமெத்தை விரித்த வண்டியில் மாமாவைப் படுக்கவைத்தார்கள். கண்டக்டர் பழைய விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதி, "ரைட், போலாம்" என்றார். வயல்காரரும் ரப்பர் அண்ணன்மாரும் தள்ள, வண்டி உண்மையாகவே ஆடாமல் போனது.

ஆலயத்தில் மணி அடிக்கும் பெரியவரிடம் மட்டும் யாரும் விஷயத்தைச் சொல்லியிருக்கவில்லை. அடுத்தவர் சொல்லியிருப்பார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டார்கள். பெட்டிவண்டி சானல்கரையில் வருவதையும் பின்னால் ஆட்கள் நடப்பதையும் தூரத்திலிருந்து கண்ட அவர், ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துத் துக்கமணியை அடிக்கத் தொடங்கினார். விட்டுவிட்டு ஒற்றையாக விழும் அந்த மணியை எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து தலைத்துண்டை அவிழ்த்தார்கள். மாமாவுக்குத் தங்கச்சி முறையான ஒருத்தி வாழைத்தோட்டத்திலிருந்து மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்து வண்டியைக் கட்டிப்பிடித்தாள்.

"எண்ணே, போயிட்டியளா?"

பந்தலுக்குள்ளிருந்து மாமா தலையைத் திருப்பினார்.

"அசனத்துக்குப் போறேன் பிள்ளே. நீயும் வா."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரித்தது மாமி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, நிறுத்த முடியாமல் சிரித்தாள். மாதக்கணக்கில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆலய வாசலை அடைந்தபோதும் மணி நிற்கவில்லை. "ஓய், அறிவிருக்கா ஓய் உமக்கு? நான் இன்னும் சாவல்ல, கயித்த விடும்" என்று மாமா இருந்த சத்தத்தையெல்லாம் கூட்டிக் கத்தினார். சாவுக்கென்று பக்கத்து ஊர்களிலிருந்து ஓடிவந்தவர்கள் யாரும் திரும்பிப் போகவில்லை. அந்த வருடம்போல அசனத்துக்குக் கூட்டம் சேர்ந்ததே இல்லை.

வண்டியை நேராக அடுப்படிக்குத் தள்ளினார்கள். தலைமைச் சமையல்காரர் கரண்டியில் குழம்போடு வந்தார். "முதல்ல பிள்ளை குடிக்கட்டு" என்றார் மாமா. என் உள்ளங்கையில் ஊற்றினார்கள். சூட்டில் நாக்கு வெந்தாலும் சந்தேகமே இல்லை, உப்பு குறைவு. மாமாவின் விரலை இரண்டு தடவை அமுக்கினேன். பிறகு அவர் நாக்கில் ஒரு சொட்டு விட்டார்கள். மாமா கண்ணை மூடினார். அத்தனை கூட்டமும் அவர் வாயையே பார்த்தது.

"உப்பு காணாது."

சமையல்காரர் இரண்டு கை உப்பு அள்ளிப்போட்டுக் கிளறினார். மறுபடி என் கை, மறுபடி மாமாவின் நாக்கு. இந்தத் தடவை ஒரே ஒரு அமுக்கு.

"விளம்புங்க" என்றார் மாமா.

அப்போது எழுந்த சத்தத்தில் காக்காய்கள் எல்லாம் பறந்தன. பந்தி பந்தியாக ஆட்கள் உட்கார்ந்தார்கள். கறி தின்னாத வயல்காரர் பழமும் பாயசமுமாக வண்டியருகே சப்பணமிட்டு உட்கார்ந்தார். கடைசிப் பந்தி எழும்வரை மாமா வீட்டுக்குத் திரும்பச் சம்மதிக்கவில்லை. நானோ தேர்தலில் ஜெயித்தவளைப்போல நடந்து வந்தேன்.

மாமாவுக்குச் சரியாகிவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். மூன்று வாரம் கழித்து, தன் கட்டிலில், மாமியின் கையைப் பிடித்தபடி, வலியில்லாமல் மாமா போனார். எனக்குச் சிஸ்டர்மேல் ஆத்திரமாக வந்தது. குணமாக்கத் தெரியாதவர்கள் எதற்கு வந்தார்கள் என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அவர்கள் எதற்கு வந்தார்கள் என்பது எனக்குப் பிடிபட வெகுகாலம் ஆனது.

இப்போது அதே குழுவில் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் முறை இருக்கிறது. போன அசனத்தில் அந்தச் சமையல்காரரிடம், மாமாவும் நானும் சேர்ந்து அவரை ஏய்த்த கதையை ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். அவர் கிழங்கு நறுக்குவதை நிறுத்தவில்லை.

"மருந்துல அண்ணனுக்கு நாக்குல ஒரு ருசியும் தெரியாது, நீதான் பாத்துச் சொல்லப்போறன்னு சிஸ்டர் முந்துன நாளே எங்ககிட்டச் சொல்லியிருந்தாங்க. நீ விரல அமுக்குனத நாங்க எல்லாரும் பாத்துட்டுதானே நிண்ணோம். நானே ரெண்டு கை உப்பு போடாம மாத்தி வச்சிருந்தேன்."

"உப்ப என்னத்துக்கு மாத்தி வச்சீங்க?" என்று கேட்டேன்.

"உப்பு சரியா இருந்தா, அண்ணனுக்கு அங்க என்ன வேல?"