ஏழாம் அத்தியாயத்து ‘வோஸ்’

தமது ஆங்கில நாவலின் ஏழாம் அத்தியாயத்தில் ‘வோஸ்’ (was) என்ற சொல் இருந்தே தீரும் என்று றோசலின் ரீச்சர் ஒரு மாலையில் தீர்மானித்து, எனக்குத் தொலைபேசியில் அறிவித்தார். மறுநாள் காலை அவருடைய பக்கத்து வீட்டிலிருந்து இன்னோர் அழைப்பு வந்தது. ரீச்சர் நித்திரையிலேயே போய்விட்டார். ஊர்காவற்றுறையில் அவரிடம் ஆங்கிலம் படித்தவர்களுக்கும், என்னைப் போல் அவரோடு படிப்பித்தவர்களுக்கும் அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நாவலில் ஒருவன் கடலில் இறக்கிறான். ‘டிரவுண்ட்’ (drowned) என்று மட்டும் எழுதினால், மூழ்கினான். முன்னால் ‘வோஸ்’ போட்டால், மூழ்கடிக்கப்பட்டான் என்றும் கொள்ளலாம். ரீச்சரின் தம்பியும் யேசுதாசன் அண்ணையின் படகில் மீன்பிடிக்கப் போனவர்தான். படகு திரும்பி வந்தது. யேசுதாசன் அண்ணையும் வந்தார். தம்பி வரவில்லை. காற்று என்றார். ரீச்சர் அதற்கு மேல் கேட்கவில்லை.

அதன்பிறகு வெள்ளிதோறும் யேசுதாசன் அண்ணை ரீச்சரின் வாசல் படலையில் மீன் கொழுவிவிட்டுப் போவார். ரீச்சர் அதைப் பூனைக்குப் போடுவார்.

“நல்ல விளைமீன், ரீச்சர்” என்றேன் ஒருமுறை.

“அதுதான் பூனைக்குக் குடுக்கிறன். அது ஏன் எதுக்கெண்டு கேளாது.”

கொழும்புப் பதிப்பகத்தில் நாவலைத் திருத்திய பெண் அந்த ‘வோஸை’ வெட்டினார். ரீச்சர் திரும்பப் போட்டார். “பழைய இங்கிலீசிலை ரெண்டும் ஒண்டுதான். நானும் பழைய ஆள்” என்றார். நான் நம்பவில்லை. கட்டுரையில் ‘டிரவுண்ட்’டுக்கு முன்னால் ‘வோஸ்’ எழுதிய பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, “ஆர் தள்ளிவிட்டது?” என்று கேட்டவர் அவர்தான்.

கடைசியாக யேசுதாசன் அண்ணை இறங்குதுறையில் என்னை மறித்தார்.

“ரீச்சற்றை கதையிலை நான் நிக்கிறனாமோ?”

“பேர் ஒண்டும் இல்லை அண்ணை. ஒரு சொல்லிலைதான் இழுபறி.” விளக்கினேன்.

“ஒரு சொல்லுத்தானே. எடுக்கச் சொல்லும்.”

“காத்துத்தானே அண்ணை? இருந்தால் என்ன?”

அவர் குனிந்து கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். ஏற்கெனவே சுருட்டியிருந்த கயிறு.

அன்று மாலை இதைத்தான் ரீச்சரிடம் தொலைபேசியில் சொன்னேன். “அப்ப அது இருக்கட்டும்” என்றார்.

சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கியவர்களில் யேசுதாசன் அண்ணையும் ஒருவர்.

ரீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, யார் ‘சும்மா’ என்றாலும் நம்பாத பழக்கம். அவருடைய பூனையும் என்னிடம்தான் நிற்கிறது. நாவல் ‘வோஸ்’ உடன் வெளிவந்தது. யேசுதாசன் அண்ணை படகை விற்றுவிட்டு மன்னாருக்குப் போய்விட்டார். பூனைக்கு இப்போது சந்தையில் மீன் வாங்குகிறேன்.