ராகுகாலத்தில் பொறுப்பேற்ற முதல்வர்

கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருப்பவனுக்குப் பாடம் நடத்தத் தெரிய வேண்டியதில்லை. யார் பெயருக்குப் பின்னால் யார் பெயர் வரவேண்டும் என்று தெரிந்தால் போதும். எந்த ஊரிலாவது, எந்த அலுவலகத்திலாவது இந்த நாற்காலியில் உட்கார்ந்து முதுகு தேய்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். தருமபுரி மாவட்டத்தில் ஓர் ஓரமாக இருக்கும் எங்கள் கல்லூரியில் இதுவரை ஐந்து முதல்வர்களுக்குப் பொறுப்பேற்பு விழா நடத்தியிருக்கிறேன். நான்கு விழாக்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தாவதைத்தான் யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அழைப்பிதழ்

மூன்று வருஷமாக எங்களுக்கு முழு முதல்வர் கிடையாது. தாவரவியல் துறைத் தலைவர் மல்லிகா மேடம்தான் ‘முதல்வர் பொறுப்பு’. அதாவது முதல்வருக்கு உள்ள வேலை எல்லாம் உண்டு, விழா மட்டும் கிடையாது. அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்த அன்று ஒரு மாலை வாங்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். இப்போது திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒருவரை முதல்வராக நியமித்து ஆணை வந்ததும் கல்லூரி கல்யாண வீடாகிவிட்டது.

விழாக்குழுத் தலைவர் இயற்பியல் கோவிந்தன் சார். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம், அதனால் காலை பத்து மணிக்குப் பொறுப்பேற்பு, மாலையில் பாராட்டு விழா என்று முடிவு செய்தார். அழைப்பிதழைப் பெயர் வரிசைக்காக மூன்று தடவை மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் ஒருவருக்குக் கோபம். மல்லிகா மேடம் பெயர் மூன்றிலும் கடைசிக்கு முந்தைய வரியில் இருந்தது. அவர் மட்டும் எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது புரூஃபைக் கையில் வாங்கிய அச்சகக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “பொறுப்பேத்துக்கிறவரு ஒருத்தர்தானுங்களே சார், மீதி இருவத்திரண்டு பேரும் எதுக்குங்க?”

கட்டுக்கு அடியில்

விழாவுக்கு முதல் நாள் மதியம் அழைப்பிதழ்க் கட்டுகளில் கடைசிக் கட்டைப் பிரித்தேன். அடியில் ஒரு நீல நிற ஃபைல் இருந்தது. நான் மறந்தே போயிருந்த ஃபைல் அது.

அந்த மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து சித்தேரிக்குப் பல நாள் பஸ் ஓடவில்லை. அங்கிருந்து வந்து படிக்கும் பதினோரு பேருக்கு வருகைப்பதிவு குறைந்துபோனது. காரணத்தை எழுதி மாணவரும் முதல்வரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் பல்கலைக்கழகம் பரீட்சை எழுத விடும். அனுப்பாவிட்டால் ஒரு வருஷம் போய்விடும். மாணவர்களை வரவழைத்து என் முன்னால் கையெழுத்து வாங்குங்கள் என்று மேடம் என்னிடம் ஃபைலைக் கொடுத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அதன்மேல் நான் அழைப்பிதழை அடுக்கினேன். கடைசி நாள் மறுநாள், விழா அன்றைக்கு.

ஃபைலை எடுத்துக்கொண்டு போய் மேடத்தின் மேஜைமேல் வைத்துவிட்டு நின்றேன். மேடம் என்னைத் திட்டவில்லை. போனை எடுத்து ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட ஆரம்பித்தார். மலையில் பாதிப் பேருக்கு சிக்னல் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், கடைக்காரர் என்று தேடித்தேடிச் சொல்லி முடித்தபோது கீழே வரும் கடைசி பஸ் போயிருந்தது. இனி காலை பஸ்தான். புது முதல்வர் போடட்டுமே என்று நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவருடைய மாதிரிக் கையெழுத்து பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேரவே ஒரு வாரம் ஆகும், அதுவரை அவர் போடுவது செல்லாது. இது எனக்குத் தெரியாததில்லை. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அப்ப அந்தப் பஸ் வர்ற வரைக்கும் நான் இந்தச் சீட்ட வுட்டு எந்திரிக்க முடியாதுங்க, சூசை சார்.”

பத்து மணி

காலை பத்துக்குப் புது முதல்வர் வந்துவிட்டார். சண்முகசுந்தரம் என்று பெயர். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். மல்லிகா மேடம் எழுந்து கும்பிட்டு, ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது, முடித்துவிட்டு ஒப்படைக்கிறேன் என்று சொல்லித் தேநீர் வரவழைத்தார். புதியவர் சரி என்று எதிரே இருந்த விருந்தினர் நாற்காலியில் உட்கார்ந்தார். மாலைகளும் சால்வைகளும் வெளியே வராந்தாவில் காத்திருந்தன. பத்தரை ஆனது. பதினொன்றும் ஆனது. ஒன்பதேகாலுக்கு வரவேண்டிய பஸ் வரவில்லை.

வராந்தாவில் பேச்சு எப்படிப் போயிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மூன்று வருஷ ருசி, நாற்காலி விடமாட்டேன் என்கிறது, இன்னும் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்துவிட்டுப் போகலாமென்று பார்க்கிறார். நான் அங்கேதான் நின்றேன். காரணம் தெரிந்தவன் நான் ஒருவன். வாயைத் திறந்தால் ஃபைல் யார் மேஜையில் கிடந்தது என்ற கேள்வி வரும். சால்வைகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன். கோவிந்தன் சார் என் தோளைத் தொட்டார். “நீங்க போயி பக்குவமா சொல்லுங்க சார், எறங்க மனசு வரலேன்னாலும் எறங்கித்தானுங்களே ஆவணும்.”

பன்னிரண்டு பத்து

பஸ் வந்தபோது பதினொன்று முக்கால். பதினோரு பேரும் இருந்தார்கள். கூடவே செல்வி என்ற பெண்ணின் அம்மாவும். அந்த அம்மா ராகி அறுப்பைப் போட்டுவிட்டு வந்தவர். அறைக்குள் நுழைந்ததும், சால்வைக் கூட்டத்தைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், பொரிந்து தள்ளிவிட்டார். இத்தினி நாளு என்னங்க பண்ணீங்க, எங்க புள்ளைங்கன்னா உங்களுக்கு அவ்ளோதானா என்று கேட்டார். ஃபைலைப் பிடித்துக்கொண்டு நான் மேடத்துக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மேடம் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. தப்புதாங்கம்மா, மன்னிச்சுக்குங்க என்றார். அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த வெட்கத்தை எழுதத் தெரியவில்லை.

ஒவ்வொரு பிள்ளையும் கையெழுத்துப் போட, மேடம் காரணத்தைத் தன் கையால் எழுதிக் கையெழுத்திட்டார். அவசரப்படவில்லை. முடிந்தபோது மணி பன்னிரண்டு பத்து. அலுவலக உதவியாளர் ஃபைலை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போகப் பொம்மிடி ஸ்டேஷனில் ரயில் பிடிக்க ஓடினார். நானே போயிருக்க வேண்டும். சால்வைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று நின்றுவிட்டேன். ராகுகாலம் பிறந்துவிட்டது, ஒன்றரைக்கு மேல் வைத்துக்கொள்ளலாம் என்று கோவிந்தன் சார் உள்ளே வந்து கெஞ்சினார். புது முதல்வர் ஒப்படைப்புப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, அதில் ‘முற்பகல்’ என்று அச்சடித்திருந்ததை அடித்துப் ‘பிற்பகல்’ என்று எழுதினார். “பதினோரு பேருக்கு நல்ல நேரமா இருந்துச்சில்லீங்க, எனக்கு அது போதும்.”

சால்வை

மாலை விழா பிரமாதமாக நடந்தது. இருபத்திரண்டு பேரும் பேசினார்கள். மல்லிகா மேடத்துக்குக் கடைசியில் இரண்டு நிமிஷம் கிடைத்தது. புது முதல்வரை வாழ்த்தி அரை நிமிஷத்தில் முடித்துக்கொண்டு முன்வரிசைக்கு இறங்கிவிட்டார். காலையில் வராந்தாவில் பேசியவர்கள் கைதட்டினார்கள்.

அப்புறம் எதிர்பாராமல் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஓடியாடி ஏற்பாடு செய்தவருக்கு மரியாதையாம். பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். சால்வையைப் போர்த்திவிட்டுக் கோவிந்தன் சார் மைக்கில் சொன்னார்: “நம்ம சூசை சார் இல்லேன்னா இன்னிக்கு நடந்தது எதுவுமே நடந்திருக்காதுங்க.”

தாவரவியல் ஆய்வகம்

இரண்டு வாரம் தூக்கம் சரியில்லை. மேடத்தைத் தாண்டிப் போக நேர்ந்தால் வேறு வழியில் போனேன். ஒரு நாள் துணிந்து ஆய்வகத்துக்குப் போனேன். மூன்று வருஷத்தில் அவருடைய பழைய மேஜையை வேறொருவர் எடுத்துக்கொண்டதால் மாணவர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். “எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆவப்போவுது? எனக்குத்தான் மொதல்லயே தெரியுமே.”

கடைசி பெஞ்சு

ஹால் டிக்கெட் பதினொன்றும் வந்து சேர்ந்த அன்று அவற்றை நானே வகுப்புக்கு எடுத்துப்போனேன். கோவிந்தன் சாரையும் கையோடு கூப்பிட்டுக்கொண்டேன், எதற்கென்று சொல்லவில்லை. பிள்ளைகளைக் கடைசி பெஞ்சுப் பக்கம் வரச்சொல்லி, ஃபைல் என் மேஜையில் இரண்டு வாரம் கிடந்ததையும், மேடத்தின்மேல் எந்தத் தப்பும் இல்லை என்பதையும், அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு நின்றதையும் சொன்னேன். கோவிந்தன் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். செல்வி ஹால் டிக்கெட்டைப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்: “அன்னையிலேர்ந்து நாங்க யாருமே மேடத்துக்கு வணக்கம் வெக்கறதில்லீங்க சார்.”

நான் ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. அதற்குள் எங்களுக்கு வேறு முதல்வர் வந்து நான் இன்னொரு விழா நடத்தும்படி ஆகாமல் இருக்க வேண்டுமென்று ஞாயிறுதோறும் சர்ச் பூசையில் வேண்டிக்கொள்கிறேன், முடிந்தால் நீங்களும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள்.