காபெட்டின் மறுபக்கம்

தரையில் விரிக்கிற காபெட் விற்கிறவன் வாழ்க்கையில் பாதி, மேலே இருக்கிற பூவைப் பார்க்க வந்தவர்களுக்கு அடிப்பக்கத்தைக் கவிழ்த்துக் காட்டுவதிலேயே போய்விடும். கடை வைத்திருக்கிற எவருக்கும் இதைச் சொல்லத் தேவையில்லை. புதுக்குடியிருப்பு மத்தியான வெயிலில் ஆள் வராத நேரம், என் கடையில் சுருட்டி நிறுத்திய காபெட்டுகளுக்கு நடுவில் சாய்ந்தால், ரோட்டில் போகிற பஸ்ஸின் சத்தம்கூடத் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கும். அந்த அரைத் தூக்கத்தில்தான் என்னிடம் காபெட் எடுக்க வந்த இவர்கள் மூவரும் நினைவுக்கு வருவார்கள்.

பசை

தர்மபுரத்து அக்கா ஒருவர் ரோசாப்பூப் போட்ட காபெட்டில் மயங்கிவிட்டார். துணியில் நூலைக் குத்தி, பின்னால் பசை பூசி, இன்னொரு துணியை ஒட்டிய மலிவுச் சாமான் அது. "தண்ணி படக்கூடாது அக்கா" என்று சொல்லித்தான் கொடுத்தேன். மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு முதல்நாள் முற்றத்தில் போட்டு, வாளி வாளியாக ஊற்றிக் கழுவிக் காயவிட்டிருக்கிறார். பசை விட்டு, அடித்துணி தனியாகக் கழன்றுவிட்டது. சண்டைக்கு வருகிறார் என்று நினைத்துக் கதிரையைப் போட்டேன். ஆறுதலாக உட்கார்ந்து சொன்னார்:

"ஒரு காபெட் வாங்கினனான் தம்பி, இப்ப வீட்டில ரெண்டு கிடக்கு."

வளையம்

முரசுமோட்டையில் வயல் செய்கிறவர், செயற்கைக் கால் போட்டவர், மனைவியோடு வந்தார். மனைவியின் தோளில் கைக்குழந்தை நித்திரை. அவர் கேட்ட வானநீலக் காபெட்டில் நூல் வெட்டாமல் குட்டிக் குட்டி வளையமாக நிற்கும். ஒன்று காலில் கொளுவினால் வரிசையாக உருவிக்கொண்டு வரும், ஆளையும் விழுத்தும். வேண்டாம் என்று சொல்லி, நெருக்கமாக நெய்து நுனி வெட்டிய ஒன்றை விரித்தேன்.

வீட்டுச் சீமெந்து நிலத்தில் அந்தக் கால் டொக் டொக் என்று அடிக்க, பிள்ளை முழித்து அழுமாம். அதனால் அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்ததே இல்லையாம். இப்போது மனைவியிடமிருந்து பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, விரித்த காபெட்டில் நடந்தார். போனார், வந்தார். சத்தமே இல்லை. பிள்ளை அசையவில்லை. மனைவி முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் நடக்கட்டே அண்ணை?"

பெருவிரல்

பக்கத்துக் கடை றபீக் நானா, திருப்பிக் கட்டிய பள்ளிவாசலுக்குக் காபெட் எடுக்க வந்தார். இடம்பெயர்ந்து போய்ப் பல வருஷம் கழித்துத் திரும்பியவர். தொழுகையில் முழங்காலும் நெற்றியும் திரும்பத் திரும்ப அதே இடங்களில் படும். முறுக்கில்லாத நூல் சீக்கிரம் படுத்துவிடும். ஒவ்வொரு காபெட்டிலும் பெருவிரலால் அழுத்திவிட்டுக் காத்திருந்தோம். மற்றவற்றில் பள்ளம் அப்படியே கிடந்தது. முறுக்கிய நூலில் நெய்ததில் மட்டும், மழைக்குப் பிறகு புல் நிமிர்வதுபோல் மெல்ல மெல்ல, ஆறுதலாக நிமிர்ந்தது. குனிந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார் நானா.

"இதுவும் எங்களைப் போலத்தான், ஆறுதலா எண்டாலும் எழும்பிடுது."

நல்ல காபெட் விற்கிறவனுக்கு இருக்கிற ஒரே கஷ்டம், வாங்கினவர் மறுபடி கடைப்பக்கம் வரத் தேவையே இல்லாமல் போய்விடுவதுதான்.