பன்றி விரட்டும் வேல்

கோல சிலாங்கூர் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்து பங்களாவைக் காட்சியகமாக்கி இருக்கிறார்கள். இன்று ராசா என்ற ஊரிலிருந்து வந்த நாத்தனாரோடு பார்க்கப் போனேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வேல் படுத்திருந்தது. எந்தத் தோட்டத்துக் கோயிலை இடித்தபோது எடுத்ததோ, தண்டில் சந்தனம் இன்னும் ஒட்டியிருந்தது. இருவரும் வாசலுக்கு ஓடிப்போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கும்பிட்டோம்.

பிறகுதான் கீழே இருந்த அட்டையைப் படித்தேன்: ‘காட்டுப்பன்றி விரட்டும் ஈட்டி.’

காவலுக்கு இருந்தவரைக் கூப்பிட்டேன்.

“அண்ணே, பன்னி வெரட்டுற ஈட்டிக்கா சந்தனம் பூசுவாங்க?”

“எனக்குத் தெரியாதாம்மா? நானும் காவடி எடுத்தவந்தான். மூணு தடவ சொல்லிட்டேன், ஆபீஸ்ல மாத்த மாட்றாங்க லா. நீங்க புக்குல எழுதுங்க.”

“அப்ப பன்னி வெரட்டவா அண்ணே காவடி எடுத்தீங்க?” என்றாள் நாத்தனார். அவர் சிரிக்கவில்லை.

வருகையாளர் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். எனக்கு முன்னால் வந்தவர் எழுதியிருந்தது: ‘டாய்லெட் சுத்தம்.’

வெளியே வந்தால் என் செருப்பைக் காணோம்.

அது கோயில் வேல்தான் என்பதற்கு இன்னும் என்ன சாட்சி வேண்டும்?

அந்தப் பக்கம் போகிறவர்கள் புத்தகத்தில் ஒரு வரி எழுதிவிட்டு வாருங்கள். செருப்பைக் காரிலேயே விட்டுவிடுங்கள்.